சிங்கப்பூர் ஸ்லிங்: ராஃபிள்ஸில் குடித்தால்தான் அசலா?

கேள்வி: அடுத்த மாதம் நானும் மனைவியும் சிங்கப்பூர் போகிறோம். ராஃபிள்ஸ் ஹோட்டலில் சிங்கப்பூர் ஸ்லிங் காக்டெயிலைக் குடிக்காமல் வராதே என்கிறார்கள் நண்பர்கள். விலையைக் கேட்டால் தலை சுற்றுகிறது. அந்த 1915 ரெசிபிக்கு அவ்வளவு கொடுக்கலாமா?

பதில்: ரெசிபிக்காக என்றால் வேண்டாம். அந்த இடத்துக்காக என்றால் ஒரு கிளாஸ் தாராளமாகக் குடியுங்கள்.

சீனாவின் ஹைனான் தீவு வழிவந்த ஙியாம் தோங் பூன் என்ற பார்டெண்டர் 1915இல் ராஃபிள்ஸின் லாங் பாரில் இதை உருவாக்கினார் என்பது ஹோட்டல் சொல்லும் வரலாறு. பெண்கள் பொது இடத்தில் மது அருந்துவதை அன்றைய காலனிச் சமூகம் ஏற்கவில்லை. பழச்சாறு போலத் தெரியும் இந்த இளஞ்சிவப்புப் பானம் அவர்களுக்கு வசதியாகப் போயிற்றாம். ஆனால் ஜின் என்ற மதுவில் கலக்கும் ஸ்லிங் வகைப் பானங்கள் அதற்கு முன்பே அந்த ஊரில் புழங்கியவைதான். ஙியாமின் மூலக் குறிப்பும் காணாமல் போய்விட்டது. இன்று தருவது பின்னாளில் நினைவிலிருந்து திரட்டிய கலவை: ஜின், செர்ரி மது, பெனடிக்டின் (மூலிகை மது), குவாந்த்ரோ (ஆரஞ்சு மது), கிரெனடின் (மாதுளைச் சிரப்), பிட்டர்ஸ் (கசப்புச் சாரம்), எலுமிச்சை, ஏராளமான அன்னாசிச் சாறு. நல்ல தித்திப்பு. மேலே வெண்ணுரை நிற்கும்.

அங்கே காசு கொடுப்பது சூழலுக்குத்தான். தலைக்கு மேல் விசிறிகள் அசையும், மேசையில் வேர்க்கடலை இருக்கும். உடைத்த தோலைத் தரையிலேயே போடலாம்! குப்பை போட்டால் அபராதம் விதிக்கும் ஊரில் இது எனக்கு உண்மையிலேயே பிடித்த வழக்கம்.

விலையைப் பார்க்கும்போது பக்கத்தில் ++ குறி இருக்கிறதா என்று கவனியுங்கள். 10 சதவீதம் சேவைக் கட்டணம், அந்தக் கூட்டுத்தொகை மேல் 9 சதவீதம் ஜிஎஸ்டி என்று அர்த்தம். 40 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) என்று போட்டிருந்தால் பில் 48 வெள்ளிக்கு வந்து நிற்கும். சிங்கப்பூரில் பல உணவகங்களிலும் இதே கதைதான். இருவரும் ஒரே கிளாஸைப் பகிர்ந்துகொண்டாலே போதும்.

சுவை மட்டும் தெரிய வேண்டுமா? சிங்கப்பூர் ஏர்லைன்ஸில் பறந்தால் சாதாரண வகுப்பிலேயே கேட்டுப் பாருங்கள், தனிக் கட்டணம் கிடையாது. அப்புறம், பாட்டில் வாங்கி வருவதாக இருந்தால், இந்தியாவுக்குள் தீர்வையின்றி ஒருவர் 2 லிட்டர் மதுதான் கொண்டுவரலாம். வழியில் விமானம் மாறினால், விமான நிலையக் கடையில் ஒட்டித் தந்த பையைப் பிரிக்காதீர்கள், ரசீதும் உள்ளேயே இருக்கட்டும்.