உண்டாங் தேர்வுக்கு எப்படிப் படிப்பது?

மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கம் தோட்டத்தில் இருக்கிற தம்பி, அடுத்த வாரம் உண்டாங் தேர்வு (ஓட்டுநர் உரிமத்துக்கான சாலைச் சட்டத் தேர்வு), புத்தகத்தை மனப்பாடம் செய்தால் போதுமா என்று கேட்டிருந்தார். போதாது. 50 கேள்வியில் 42 சரியாக வரவேண்டும், அதாவது எட்டுக்கு மேல் தவறினால் திரும்பவும் பணம் கட்டி உட்கார வேண்டியதுதான். தமிழிலும் எழுதலாம், ஆனால் சாலையில் பலகை மலாயில்தான் நிற்கும் என்பதால் பெர்ஹெந்தி (நில்), பெரி லாலுவான் (வழி விடு), அவாஸ் (எச்சரிக்கை) எல்லாம் பார்த்தவுடன் புரிய வேண்டும்.

நான் பலகைகளை வடிவத்தை வைத்துத்தான் பிடித்தேன்: எட்டு மூலை சிவப்பு என்றால் நில், மஞ்சள் டைமண்ட் என்றால் முன்னால் ஏதோ இருக்கிறது, சிவப்பு வட்டம் பெரும்பாலும் தடை. கெஜாரா புள்ளிகளை, அதாவது சாலைக் குற்றத்துக்கு விழும் தண்டனைப் புள்ளிகளை, கடைசி இரவில் பார்த்தால் குழம்பும், அதை முதலிலேயே முடித்துவிடுங்கள்.

ஆபத்தை முன்கூட்டியே கவனிக்கிற பழக்கம் புத்தகத்தில் வராது. அப்பாவின் மோட்டாரில் பின்னால் உட்காரும்போது கண்ணில் படும் ஆபத்துகளை வாய்க்குள் சொல்லிப் பாருங்கள். செம்மண் பாதை தார் சாலையில் சேருகிற இடத்தில் மண் சிதறிக் கிடந்தால், சற்றுமுன் செம்பனைக் குலை லோரி ஏறியிருக்கிறது, இன்னொன்றும் வரலாம். அந்த மண் மழையில் எண்ணெய் மாதிரி வழுக்கும். பஸ் நின்றால் அதன் முன்னாலிருந்து பிள்ளை ஓடி வரும். லைட் இல்லாத மோட்டார் எங்கள் ஊரில் சாயங்காலக் காட்சி, அதைச் சொல்லவே வேண்டாம்.

அப்புறம், அசல் அடையாள அட்டையை மறக்காதீர்கள். நான் மறந்து பாதி வழி திரும்பினேன்.