குட்டி நாயோடு டூரா, இல்லாமலா? கேள்வி பதில்

விடுமுறைக்கு முன்னால் குவிந்த கேள்விகளில், 10 கிலோவுக்கு உட்பட்ட நாய்களைப் பற்றியவற்றுக்கு மட்டும் இங்கே பதில். பொமரேனியன், பக், ஷீட்சூ, டாஷ்ஹண்ட் எல்லாம் இதில் அடக்கம். சின்ன உருவில் இருக்கும் நாட்டு நாயும்தான்.

சேலத்திலிருந்து: நாலு நாள் ஊட்டி போறோம் சார். அஞ்சு வயசு பொமரேனியன் இருக்கு. கூட்டிட்டுப் போகணும்னு பசங்க, வேணாம்னு வீட்டுக்காரர். எதை வச்சு முடிவு பண்றது?

ஒரு தாள் எடுங்கள். நான்கு நாட்களையும் காலை 6 முதல் இரவு 10 வரை மணிக்கணக்கில் எழுதி, ஒவ்வொரு மணிக்கும் எதிரே "நாய் எங்கே?" என்று நிரப்புங்கள். பொட்டானிக்கல் கார்டன், போட் ஹவுஸ், தொட்டபெட்டா, மலை ரயில், மத்தியானம் ஹோட்டல் சாப்பாடு என்று போனால், எதிர்ப்பக்கத்தில் "அறையில் தனியாக" என்றே வந்துகொண்டிருக்கும். புது இடத்தில் ஒரு நாளைக்கு 4 மணி நேரத்துக்கு மேல் தனியாக இருக்க வேண்டிவந்தால் விட்டுவிட்டுப் போங்கள். "காரில்" என்று ஒரு கட்டத்தில் வந்தாலும் அந்தத் திட்டத்தையே மாற்ற வேண்டும். காரணம் அடுத்த பதிலில். ஒரு எஸ்டேட் பங்களாவில் தங்கி, காலையும் மாலையும் நடந்து, மற்ற நேரம் வராந்தாவில் உட்கார்ந்திருக்கப் போகிறீர்கள் என்றால் தாராளமாகக் கூட்டிப் போகலாம். பிள்ளைகளிடமே தாளைக் கொடுத்து நிரப்பச் சொல்லுங்கள். பாதிச் சண்டை அங்கேயே தீர்ந்துவிடும்.

வேலூரிலிருந்து: கண்ணாடியை ரெண்டு இன்ச் இறக்கி, நிழல்ல நிறுத்திட்டு அரை மணி நேரம் சாப்பிட்டு வரலாமா? எங்களோடது பக்.

கூடாது. பக் என்றால் அறவே கூடாது.

வெளியே 35 டிகிரி இருந்தால், நிறுத்திய காருக்குள் 10 நிமிடத்தில் ஏறக்குறைய 10 டிகிரி கூடிவிடும். கண்ணாடியைக் கொஞ்சம் இறக்குவதால் பெரிய வித்தியாசம் வராது. நிழலும் சாப்பாடு வருவதற்குள் நகர்ந்துவிடும். நாய்க்கு நம்மைப்போல் உடம்பெல்லாம் வியர்க்காது. நாக்கைத் தொங்கப்போட்டு இரைத்துத்தான் சூட்டை வெளியேற்றும். மூடிய காருக்குள் அது விடும் மூச்சாலேயே ஈரப்பதம் ஏறிவிடுவதால், இரைத்தும் பயனில்லாமல் போகிறது. பக், ஷீட்சூ போன்ற சப்பை மூக்கு நாய்களுக்கு மூச்சுப்பாதையே குறுகல். மற்ற நாய்கள் தாங்கும் சூட்டிலேயே இவை விழுந்துவிடும். ஏ.சி.யை ஓடவிட்டுப் போவதும் வேண்டாம். இன்ஜின் நின்றால் ஏ.சி.யும் நிற்கும், இலையில் உட்கார்ந்திருக்கும் உங்களுக்கு அது தெரியாது.

நாயின் இயல்பான உடல் சூடு 38 முதல் 39.2 டிகிரி செல்சியஸ் வரை. விடாமல் இரைப்பு, கெட்டியான எச்சில், செங்கல் நிறத்தில் ஈறு, தள்ளாட்டம் இவை தெரிந்தால் வெயில் தாக்கம். குழாய்த் தண்ணீரை உடம்பெங்கும் ஊற்றி, தொடை இடுக்கும் வயிறும் நன்றாக நனைய, விசிறிக்கொண்டே மருத்துவரிடம் ஓடுங்கள். ஈரத்துண்டைப் போர்த்தி வைக்காதீர்கள். சிறிது நேரத்தில் அதுவே சூட்டை உள்ளே பிடித்துவைக்கும். தெர்மாமீட்டரில் 39.5க்கு இறங்கியதும் தண்ணீர் ஊற்றுவதை நிறுத்துங்கள், இல்லாவிட்டால் உடம்பு ஒரேயடியாகக் குளிர்ந்துவிடும். பார்க்கத் தேறிவிட்டாலும் மருத்துவரிடம் காட்டியே ஆக வேண்டும். சிறுநீரகப் பாதிப்பு மறுநாள்கூடத் தெரியவரும்.

நாமக்கல்லிலிருந்து: கொல்லிமலை போகணும். தெருமுனை தாண்டினாலே வாந்தி எடுக்கிற நாய் இது. 70 கொண்டை ஊசி வளைவு தாங்குமா?

இப்போதைக்குத் தாங்காது. முதலில் ஏற்காடு போய்ப் பாருங்கள், 20 வளைவுதான். அதற்கும் முன்னால் இரண்டு வாரப் பழக்கம் வேண்டும். முதல் மூன்று நாள் நிற்கும் காரில் உட்காரவைத்து ஒரு பிஸ்கட். பிறகு இன்ஜினை மட்டும் ஓடவிட்டு. பிறகு 5 நிமிடம், 15 நிமிடம், அரை மணி என்று கூட்டுங்கள். எச்சில் ஒழுக ஆரம்பித்தால் அன்றைக்கு அத்தோடு நிறுத்துங்கள்; வாந்திக்கு முந்தைய அறிகுறி அது.

பயணத்தன்று 3, 4 மணி நேரம் முன்பாகக் கால் வயிறு சாப்பாடு போதும். தண்ணீரை நிறுத்த வேண்டாம். 2 கிலோவுக்குக் குறைவான நாயையும் குட்டியையும் வெகுநேரம் பட்டினி போட்டால் ரத்தச் சர்க்கரை இறங்கி மயங்கிவிடும். வாந்தியை நிறுத்தும் மாரோபிட்டன்ட் மாத்திரை நன்றாகக் கேட்கும். ஆனால் சாதாரண வாந்திக்குத் தரும் அளவும் பயண வாந்திக்குத் தரும் அளவும் வேறு வேறு. எடை போட்டு மருத்துவர் எழுதித் தரட்டும். தூக்க மாத்திரை மட்டும் வேண்டாம். ரத்த அழுத்தத்தை இறக்கும், உடல் சூட்டைச் சமாளிக்கும் திறனையும் மழுங்கடிக்கும். வளைவில் கால் ஊன்றி நிற்கவும் முடியாது.

மடியில் வைத்துக்கொள்ளாமல் கூடையில் வையுங்கள். மடியில் இருக்கும் நாய் ஒரு பிரேக்குக்கு முன்சீட்டில் போய் மோதும். முன்சீட்டில் ஏர்பேக் இருப்பதால் அங்கேயும் உட்காரவைக்கக் கூடாது.

ஆவடியிலிருந்து: கூடை என்ன சைஸ் வாங்கணும்?

மூக்கு நுனியிலிருந்து வால் தொடங்கும் இடம் வரை நீளம், தரையிலிருந்து முழங்கை மூட்டு வரை உயரம், தோள் அகலம், நிற்கும்போது முழு உயரம் என்று நான்கு அளவு எடுங்கள். கூடையின் உள்நீளம் முதல் அளவோடு இரண்டாவதில் பாதி. அகலம் தோளைப்போல் இரண்டு மடங்கு. உயரம் முழு உயரத்தோடு விரிப்பின் கனம். சர்வதேச விமானப் போக்குவரத்துச் சங்கமான ஐயாட்டா சொல்லும் கணக்கு இது. சப்பை மூக்கு நாய்க்கு 10 சதவீதம் கூட்டிக்கொள்ளுங்கள்.

தாம்பரத்திலிருந்து: திருநெல்வேலிக்கு ரயில்ல கூட்டிட்டுப் போக முடியுமா? தேர்ட் ஏ.சி. டிக்கெட் கையில இருக்கு.

அந்த டிக்கெட்டில் முடியாது. செகண்ட் ஏ.சி., தேர்ட் ஏ.சி., சேர் கார், ஸ்லீப்பர் எதிலும் நாயை உடன் வைத்துக்கொள்ள அனுமதி இல்லை. இரண்டே வழி. முதலாவது, ஃபர்ஸ்ட் ஏ.சி.யில் ஒரு கூபேயை, அதாவது இரண்டு பெர்த் உள்ள தனி அறையை, முழுவதும் நீங்களே எடுப்பது. நான்கு பெர்த் கேபினை முழுதாக எடுத்தாலும் சரி. இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். இரண்டு பெர்த் பதிவாகிவிட்டதாலேயே கூபே உறுதியாகிவிடாது. எந்த அறை என்பது சார்ட் போடும்போதுதான் தெரியும். வேறு இருவரோடு கேபினில் போட்டுவிட்டால் நாய் ஏற முடியாது. எனவே டிக்கெட் எடுத்த கையோடு ரயில்வே வணிகப் பிரிவுக்கு, நாய் இருப்பதைச் சொல்லி கூபே கேட்டுக் கடிதம் கொடுங்கள்.

இரண்டாவது, ரயில் கார்டு பயணிக்கும் பெட்டியில் இருக்கும் நாய்க்கூண்டு. வண்டி புறப்பட 3 மணி நேரம் முன்பே பார்சல் ஆபீசுக்குப் போய் எடை போட்டுப் பணம் கட்ட வேண்டும். தடுப்பூசிப் புத்தகமும், பயணத்துக்கு 24 முதல் 48 மணி நேரத்துக்குள் மருத்துவர் கொடுத்த உடற்தகுதிச் சான்றிதழும் கேட்பார்கள். கூபேக்கும் இவை வேண்டும். தண்ணீரும் தீனியும் உங்கள் பொறுப்பு. அந்தக் கூண்டு இரும்பு, ஏ.சி. கிடையாது, பக்கத்தில் நீங்களும் இருக்க மாட்டீர்கள். கோடையில் சின்ன நாயை அதில் அனுப்புவதற்கு வீட்டில் விட்டுப் போவதே மேல்.

பையில் மறைத்து ஏற்றலாமா என்று அடுத்து யாராவது கேட்பீர்கள். பிடிபட்டால் ஆறு மடங்கு கட்டணம்.

கோவையிலிருந்து: பிளைட்ல?

இண்டிகோ செல்லப்பிராணிகளை ஏற்பதில்லை. ஏர் இந்தியாவும் ஆகாசா ஏரும் சின்ன நாயைக் கேபினில் அனுமதிக்கின்றன. எடை வரம்பு நாயும் கூடையும் சேர்த்து என்பதை மறந்துவிடாதீர்கள். கூடையே ஒன்று, ஒன்றரை கிலோ வரும். ஒரு விமானத்தில் ஓரிரு நாய்களுக்குத்தான் இடம் என்பதால், டிக்கெட் எடுக்கும் முன் போன் செய்து இடம் கேளுங்கள்.

ஈரோட்டிலிருந்து: கோத்தகிரியில "பெட் ஃப்ரெண்ட்லி" ஹோம்ஸ்டே பார்த்திருக்கோம். வேற என்ன கேக்கணும்?

அந்த ஒரு சொல்லை நம்பாமல் போனில் நேராகக் கேளுங்கள். நாய் அறைக்குள் தூங்கலாமா, வெளியே கூண்டிலா? கூடுதல் பணம் எவ்வளவு? அவர்களிடம் சொந்த நாய் இருக்கிறதா, அவிழ்த்து விடுவார்களா? சுற்றி வேலி உண்டா, வேலிக்குக் கீழே எவ்வளவு இடைவெளி? பெரிய நாயை வைத்து "வேலி இருக்கு" என்பார்கள். மூன்று கிலோ பொமரேனியனுக்கு நான்கு விரற்கடை இடைவெளி போதும், நழுவிவிடும். அவசரத்துக்குக் கால்நடை மருத்துவர் எத்தனை கிலோமீட்டரில் இருக்கிறார்? மலையில் 15 கிலோமீட்டர் என்றால் முக்கால் மணி நேரம்.

"வெளியே கூண்டில்" என்று பதில் வந்தால் வேறு இடம் பாருங்கள். கோத்தகிரி, குன்னூர், வால்பாறைப் பக்கம் சிறுத்தை ஊருக்குள்ளேயே நடமாடும். நாய் அதற்குப் பிடித்த இரை. சின்ன நாயை ஒரே கவ்வில் தூக்கிவிடும், சத்தம்கூட வராது. அந்தி சாய்ந்ததிலிருந்து விடியும்வரை நாய் அறைக்குள். ராத்திரி ஒன்றுக்குப் போக வேண்டுமென்றால் விளக்கைப் போட்டு, ஒன்றரை மீட்டர் கயிற்றில், வாசலை ஒட்டியே முடித்துக்கொள்ளுங்கள். நீட்டிச் சுருக்கும் கயிறு மலைக்கு வேண்டாம். காட்டெருமையைப் பார்த்து நாய் குரைத்துக்கொண்டு ஓடும், அது துரத்தினால் உங்களிடமே திரும்பி ஓடிவரும்.

முதுமலை, ஆனைமலை போன்ற புலிகள் காப்பகங்களில் சுற்றிப் பார்க்கும் இடங்களுக்குள் நாயைக் கொண்டுபோக முடியாது. விதியில் அர்த்தம் இருக்கிறது. நாய்க்கு வரும் டிஸ்டம்பர் வைரஸ் செந்நாய்க்கும் புலிக்கும் தொற்றும். 2018இல் குஜராத்தின் கிர் காட்டில் சிங்கங்கள் செத்தபோது கண்டுபிடித்ததும் இந்த வைரஸைத்தான்.

இன்னொன்று: ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் வண்டிக்கு இ-பாஸ் எடுக்க வேண்டும். பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டிலுக்குத் தடை இருப்பதால் நாய்க்கான தண்ணீரை எவர்சில்வர் பாட்டிலில் கொண்டுபோங்கள்.

திண்டுக்கல்லிலிருந்து: உண்ணி, அட்டைக்கு என்ன பண்றது?

உண்ணிக்குக் கிளம்புவதற்கு ஒரு வாரம் முன்பே மருந்து கொடுத்துவிடுங்கள். ஃப்ளூரலானர் மெல்லும் மாத்திரை 12 வாரம் நிற்கும், அஃபாக்சோலானர் ஒரு மாதம். வலிப்பு வரும் நாய் என்றால் மருத்துவரிடம் முதலில் சொல்லுங்கள். மாத்திரைக்குப் பதில் தோலில் விடும் சொட்டு மருந்து போட்டால் முன்னும் பின்னும் இரண்டு நாள் குளிப்பாட்டக் கூடாது. திரும்பி வந்து மூன்று வாரத்துக்குள் காய்ச்சல், சோர்வு, வெளிறிய ஈறு, காப்பி நிறத்தில் சிறுநீர் எது தெரிந்தாலும் உண்ணிக் காய்ச்சலுக்கு ரத்தப் பரிசோதனை செய்யுங்கள். அட்டை பெரிய விஷயமில்லை. விரல் நகத்தால் பக்கவாட்டில் தள்ளினால் விட்டுவிடும். மூக்குக்குள் ஏறியிருந்தால் மட்டும் மருத்துவர் எடுக்கட்டும்.

புதுச்சேரியிலிருந்து: ரெண்டரை மாசக் குட்டி. பீச்சுக்குக் கூட்டிட்டுப் போகலாமா?

வேண்டாம் தம்பி. தடுப்பூசி வரிசை முடிந்து இரண்டு வாரம் ஆகும்வரை வெளி மண்ணே மிதிக்கக் கூடாது. ரத்தப்பேதியை உண்டாக்கும் பார்வோ வைரஸ் மண்ணில் மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும். வளர்ந்தபிறகு போனாலும் கடல் தண்ணீரைக் குடிக்கவிடாதீர்கள். கரையில் ஒதுங்கிக் கிடக்கும் பேத்தை என்ற நச்சு மீனை வாயில் வைத்தால் உயிருக்கே ஆபத்து.

மதுரையிலிருந்து: பதினோரு வயசு, ஹார்ட் மாத்திரை சாப்பிடுது டாக்டர். கொடைக்கானல்?

நன்றாகத் தூங்கும்போது ஒரு நிமிடத்துக்கு எத்தனை மூச்சு என்று மூன்று இரவு எண்ணுங்கள். 30க்கு மேல் இருந்தால் பயணம் கிடையாது, மருத்துவமனைக்குத்தான். அதற்குக் கீழே இருந்தாலும் 2,100 மீட்டர் உயரத்தில் காற்று மெலிதாக இருக்கும், குளிரும் உண்டு. விட்டுவிட்டுப் போங்கள்.

திருச்சியிலிருந்து: விட்டுட்டுப் போறதுன்னே முடிவு பண்ணிட்டோம். போர்டிங்கா, அம்மா வீடா?

நாய் ஏற்கெனவே பழகிய ஆள் உங்கள் வீட்டுக்கே வந்து தங்குவது முதல் தேர்வு. அது முடியாவிட்டால் அம்மா வீடு, ஆனால் ஒரு நிபந்தனையோடு: கேட்டைத் திறந்துபோடும் பழக்கம் அங்கே யாருக்கும் இருக்கக் கூடாது. பேரன் பேத்திக்கு ஊட்டுவதுபோல நாய்க்கும் வாழைக்காய் பஜ்ஜி ஊட்டும் பாட்டி இருந்தால், சாப்பாட்டை வேளைக்கு ஒரு டப்பாவாக அளந்து, மேலே தேதி எழுதிக் கொடுத்துவிடுங்கள். வெங்காயம், திராட்சை, சாக்லேட் கூடாது என்பதை அடுப்படிச் சுவரில் ஒட்டுங்கள்.

போர்டிங் என்றால் நேரில், சொல்லாமல் போய்ப் பாருங்கள். ராத்திரி அங்கே ஆள் தூங்குகிறாரா? சின்ன நாய்க்குத் தனி இடமா, லாப்ரடாரோடு ஒரே முற்றமா? உங்களிடம் தடுப்பூசிப் புத்தகத்தைக் கேட்காத இடம் மற்றவர்களிடமும் கேட்டிருக்காது, வெளியே வந்துவிடுங்கள். கென்னல் காஃப் எனும் தொற்று இருமலுக்கான தடுப்பூசியை மூன்று வாரம் முன்பே போட்டுக்கொள்ளுங்கள்.

இரண்டு வாரம் முன்னதாக ஒரே ஒரு ராத்திரி விட்டுப் பாருங்கள். முதல் நாள் சாப்பிடாமல் இருப்பதும் லேசாகப் பேதி ஆவதும் சகஜம். இரண்டு நாள் தாண்டியும் சாப்பிடாவிட்டால் உங்களுக்குப் போன் வர வேண்டும். நீங்கள் படுத்து எழுந்த போர்வையைத் துவைக்காமல் கொடுத்தனுப்புங்கள். அவசரம் வந்தால் எந்த மருத்துவரிடம் போகலாம், உங்களைக் கேட்காமல் எவ்வளவு ரூபாய் வரை செலவு செய்யலாம் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுங்கள். நீங்கள் மலையில் சிக்னல் இல்லாத இடத்தில் இருக்கும்போதுதான் இது தேவைப்படும்.

தஞ்சாவூரிலிருந்து: போற இடத்துல தெருநாய் கடிச்சிட்டா? நம்ம மாத்திரையே குடுக்கலாமா?

பாராசிட்டமால், ஐபுபுரூஃபன் இரண்டும் நாய்க்கு விஷம். கொடுக்காதீர்கள். கையுறை போட்டுக்கொண்டு, காயத்தைச் சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவுங்கள். ஆண்டுத் தடுப்பூசி போட்டிருந்தாலும் கடிக்குப் பிந்தைய வெறிநோய் ஊசியை அன்றைக்கே தொடங்க வேண்டும். 0, 3, 7, 14, 28ஆம் நாள் என்பது வழக்கமான அட்டவணை. எத்தனை ஊசி என்று புத்தகத்தைப் பார்த்து மருத்துவர் சொல்வார். சின்ன நாய்க்குத் தோல்மேல் இரண்டு பல் தடம்தான் தெரியும், உள்ளே விலா எலும்பு முறிந்திருக்கும். மூச்சு வேகமாக இருந்தால் எக்ஸ்ரே எடுக்கச் சொல்லுங்கள்.

ஓசூரிலிருந்து: கார் கதவைத் திறந்ததும் குதிச்சு ஓடிடுது. புது ஊர்ல தொலைஞ்சா என்ன பண்றது?

கதவைத் திறக்கும் முன் கயிற்றை மாட்டி, நுனி உங்கள் கையில் இருக்க வேண்டும். கழுத்துப் பட்டை வேண்டாம், உடம்புப் பட்டை போடுங்கள். பொமரேனியன் பின்னால் இழுத்தால் கழுத்துப் பட்டை தலை வழியே கழன்றுவிடும், மூச்சுக்குழாய்க்கும் கேடு. பட்டையில் இரண்டு போன் எண்கள் பொறித்த தகடு. ஒன்று உங்களுடையது, இன்னொன்று ஊரில் இருக்கும் ஒருவருடையது.

ஓடிவிட்டால் துரத்தாதீர்கள், துரத்தினால் இன்னும் ஓடும். ஓடத் தொடங்கிய இடத்திலேயே கார் கதவைத் திறந்துவைத்து, ஒருவர் தரையில் உட்கார்ந்து, தினமும் சாப்பாட்டுக்குக் கூப்பிடும் அதே குரலில் தட்டைத் தட்டிக் கூப்பிடுங்கள். இருட்டிவிட்டால் உங்கள் வியர்வை பட்ட சட்டையையும் தண்ணீரையும் அங்கேயே வைத்துவிட்டு, விடியற்காலை 5 மணிக்குத் திரும்பி வந்து பாருங்கள்.