அலுவலக நேரத்தில் மட்டும் ஆகாயக் காவல்

கேள்வி: சின்னஞ்சிறு நாடுகள் கோடி கோடியாகக் கொட்டிப் போர் விமானம் வாங்குகின்றனவே, அவற்றின் ராணுவத்தால் சொந்த வான்வெளியைக் காக்க முடியுமா? எல்லாம் வெறும் ஜம்பம்தானே? (வாசகர், கும்பகோணம்)

பதில்: மொத்தமாக ஜம்பம் என்று தள்ளிவிடாதீர்கள். ஆனால் விமானம் வாங்கிய மாத்திரத்தில் வானம் காவலுக்குள் வந்துவிடும் என்று நம்புகிறவர்களுக்காகவே சுவிட்சர்லாந்தின் ஜெனீவாவில் ஒரு கூத்து நடந்தது.

2014 பிப்ரவரி 17. அடிஸ் அபாபாவிலிருந்து ரோமுக்குப் புறப்பட்ட எத்தியோப்பியப் பயணிகள் விமானத்தில், தலைமை விமானி கழிப்பறைக்குப் போன சமயம் பார்த்துத் துணை விமானி கதவைத் தாழிட்டுக்கொண்டார். விமானம் ஜெனீவாவுக்குத் திரும்பியது. முதலில் இத்தாலியப் போர் விமானங்கள் துணைக்கு வந்தன, பிறகு பிரான்ஸின் மிராஜ்கள். காலை 6 மணி வாக்கில் தரையிறங்கியதும் கடத்தியவர் விமானி அறை ஜன்னல் வழியே கயிற்றைப் பிடித்து இறங்கி, போலீசாரிடம் சரணடைந்து தஞ்சம் கேட்டார்.

சுவிஸ் விமானப்படை எங்கே? 30-க்கும் மேற்பட்ட எஃப்-18 விமானங்கள் வைத்திருந்த அந்தப் படைக்கு வேலை நேரம் காலை 8 முதல் 12 வரை, பகல் ஒன்றரை முதல் 5 வரை. வார விடுமுறையும் உண்டு. சாப்பாட்டு இடைவேளையில் யாரும் அத்துமீறக் கூடாது போலும்!

விமானத்துக்குப் பஞ்சமில்லை. விமானிகள், பழுது பார்ப்பவர்கள், ரேடார் திரையைப் பார்ப்பவர்கள் என்று ராத்திரியெல்லாம் முறை மாற்றி விழித்திருக்கும் ஆட்களுக்கும் அவர்களுக்கான செலவுக்கும்தான் பஞ்சம். நேரத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டி, 2020 டிசம்பர் கடைசியில்தான் 24 மணி நேரக் காவல் வந்தது. ஆயுதம் பூட்டிய இரண்டு விமானங்கள் 15 நிமிடத்துக்குள் கிளம்ப வேண்டும்.

அந்த 15 நிமிடத்திலும் வில்லங்கம் இருக்கிறது. சுவிட்சர்லாந்து வடக்கு தெற்காகச் சுமார் 220 கிலோமீட்டர்தான். நிமிடத்துக்கு 15 கிலோமீட்டர் போகும் ஜெட் அதற்குள் மறுகரை தொட்டுவிடும். எல்லைக்கு அப்பால் வரும்போதே பக்கத்து நாடு சொன்னால்தான் உண்டு. அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

எஸ்டோனியாவிடம் ஒரு போர் விமானம்கூடக் கிடையாது. 2004 முதல் நேட்டோ ராணுவக் கூட்டணி நாடுகள் முறை வைத்து, எஸ்டோனியா உள்ளிட்ட பால்டிக் நாடுகளின் வானைக் காக்கின்றன. 2025 செப்டம்பர் 19 அன்று மூன்று ரஷ்ய மிக்-31 விமானங்கள் 12 நிமிடம் உள்ளே பறந்ததாக எஸ்டோனியா சொன்னது (ரஷ்யா மறுத்தது). எதிர்கொள்ளப் பறந்தவை இத்தாலியின் எஃப்-35கள். இத்தாலிக்காரர்களுக்கு இதே வேலைதான்.

அப்படியானால் சொந்த விமானம் எதற்கு? ஜெனீவாவில் பிரெஞ்சு விமானங்கள் துணைக்கு வரலாம், சுட முடியாது. சுவிட்சர்லாந்து போல நேட்டோவில் சேராத நாட்டில் சுடும் முடிவு அந்த நாட்டுக்கே உரியது. அந்த ஓர் உரிமைக்காகத்தான் இத்தனை செலவு. அது தகுமா என்று சுவிஸ் மக்களுக்கே சந்தேகம். கடத்தல் நடந்து மூன்று மாதத்தில், 22 கிரிப்பன் விமானங்கள் வாங்கும் திட்டத்தை வாக்கெடுப்பில் 53 சதவீதம் பேர் நிராகரித்தார்கள். 2020-இல் மறுபடி கேட்டபோது, புதிய போர் விமானங்களுக்கு 50.1 சதவீதம் பேர் சரி என்றார்கள். உங்கள் கட்சிக்கு அங்கே ஏறக்குறையப் பாதிப் பேர் இருக்கிறார்கள்.