மலைக்காட்சிப் படங்கள், காட்டிலிருந்து கண்காட்சிச் சுவர் வரை: கேள்வி பதில்

மேற்குத் தொடர்ச்சி மலையில் படம் எடுப்பது பற்றியும், எடுத்ததைக் கண்காட்சியாக வைப்பது பற்றியும் நண்பர்கள் கேட்டவற்றுக்கு இங்கே பதில். ஒரே கேள்வியைப் பலர் கேட்டிருந்தால் சேர்த்துவிட்டேன். எந்தக் கேமரா வாங்கலாம் என்பதுதான் அதிகம் வந்தது. அதை முதலில் முடித்துவிடுவோம்.

திருப்பூரிலிருந்து: சார், என்னிடம் 24 மெகாபிக்சல் பழைய கேமராவும் அதனுடன் வந்த லென்ஸும்தான் இருக்கின்றன. மாற்ற வேண்டுமா?

வேண்டாம். ஒளி நுழையும் துவாரத்தை (அபெர்ச்சர்) எஃப் 8-இல் வைத்தால் அந்த லென்ஸே போதும். கையில் பணம் இருந்தால் ஆடாத ட்ரைபாடு ஒன்று, நல்ல மழைக்கோட்டு ஒன்று. அதற்கும் மேல் மிச்சமிருந்தால் பெட்ரோல்.

கோவையிலிருந்து: ஜூலையில் வால்பாறை போனோம். எங்கு பார்த்தாலும் வெள்ளைச் சுவர். எடுத்த படமெல்லாம் சாம்பல் பூசியதுபோல் இருக்கிறது. எந்த மாதம் போனால் நன்றாக இருக்கும்?

மாதத்தின் மேல் குற்றமில்லை. ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவக்காற்று வந்து மோதும் பக்கம் அது. அங்கிருக்கும் சின்னக்கல்லாறு தமிழ்நாட்டில் மிக அதிகமாக மழை பெய்யும் இடங்களில் ஒன்று. பாசியும் பாறையும் சோலையும் நிறம் கொடுப்பது அந்த மழையில்தான்.

சாம்பலுக்குக் காரணம் கேமராவின் ஒளி அளவி. வெள்ளையைக் காட்டினாலும் அது நடுத்தரச் சாம்பலாகவே பதிவுசெய்யப் பார்க்கும். எக்ஸ்போஷரை, அதாவது படத்தில் பதிவாகும் வெளிச்சத்தை, முக்கால் ஸ்டாப் முதல் ஒரு ஸ்டாப் வரை கூட்டுங்கள் (ஒரு ஸ்டாப் என்றால் வெளிச்சம் இரு மடங்கு). ஆட்டோ ஃபோகஸ் பனியில் திணறினால் கையால் திருப்புங்கள். அப்புறம், அகலமான லென்ஸைப் பையில் போட்டுவிட்டு தூரத்தைக் கிட்டே இழுக்கும் 70-200 மி.மீ. ஜூம் மாதிரி ஒன்றை எடுங்கள். மூடுபனியில் கிட்டத்து மரம் கருப்பாகவும், அடுத்தது சாம்பலாகவும், அதற்கடுத்தது இருக்கிறதா இல்லையா என்றும் தெரியும். படத்துக்கு ஆழம் அதிலிருந்துதான் வருகிறது. முழு மலையையும் ஒரே படத்தில் அடக்க ஆசைப்பட்டால் வெள்ளைச் சுவர்தான் மிஞ்சும்.

கீழே மேகக் கடல், மேலே சிகரம் என்று எடுக்க வேண்டுமா? அதற்கு டிசம்பர், ஜனவரி. காற்றில்லாத தெளிந்த இரவில் சரிவுகள் வெப்பத்தை இழக்கும். குளிர்ந்த காற்று கனமாகிப் பள்ளத்தாக்கில் இறங்கித் தேங்கும். அதன்மேல் வெதுவெதுப்பான காற்று மூடி போட்டதுபோல் நின்றுவிடுவதால் பனி கீழேயே அடைந்து கிடக்கும். வெயில் ஏறியதும் கலைந்துவிடும் என்பதால் விடிவதற்கு முன்பே மேட்டில் இருக்க வேண்டும். முந்தைய நாள் மழை பெய்து இரவு வானம் தெளிந்திருந்தால் அலாரம் வையுங்கள். இரவெல்லாம் காற்றடித்தால் நிம்மதியாகத் தூங்குங்கள்.

நீலகிரியின் கிழக்குச் சரிவான கோத்தகிரிப் பக்கம் கணக்கே வேறு. அங்கு அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழைதான் முக்கியம். நீலகிரியின் இரண்டு சரிவுகளையும் மாற்றி மாற்றி வைத்தே அரை வருடத்துக்கு மேல் ஓட்டலாம். பிப்ரவரி பிற்பாதியிலிருந்து புழுதியும் புகையும்தான். கேமராவைத் துடைத்து வைத்துவிடுவது என் வழக்கம்.

மதுரையிலிருந்து, கல்லூரி மாணவர்: அண்ணா, குரங்கணி வழியாக ஏறி மேட்டிலேயே டென்ட் போட்டு விடியலை எடுக்கலாம் என்கிறார்கள் நண்பர்கள். அனுமதி கேட்டால் தரமாட்டார்கள், சொல்லாமல் போய்விடலாம் என்கிறார்கள்.

போகாதே தம்பி. 2018 மார்ச் 11 அன்று அதே சரிவில் காட்டுத்தீயில் சிக்கி 23 பேர் இறந்தார்கள். காய்ந்த புல்லில் பிடித்த தீ சரிவில் மேல்நோக்கி ஓடும்போது மனிதன் ஓடி ஜெயிக்க முடியாது. அதன் பிறகுதான் மலையேற்றத்துக்குத் தனி விதிகள் வந்தன. 2024 அக்டோபரில் வனத்துறை 40 பாதைகளை ஆன்லைன் பதிவுக்குத் திறந்தது. உள்ளூர் வழிகாட்டி கூடவே வருவார். விடியல்தான் வேண்டும் என்றால் கொழுக்குமலைக்குச் சூரியநெல்லியிலிருந்து ஜீப் போகிறது. உடம்பு குலுங்கும், ஆனால் நேரத்துக்குப் போய்ச் சேர்ந்துவிடலாம்.

யானை பற்றியும் இவர் கேட்டிருக்கிறார். பனியில் பத்தடிக்கு அப்பால் தெரியாதபோது நடக்கவே கூடாது, அவ்வளவுதான். வால்பாறையில் யானை நடமாட்டம் இருந்தால் சிவப்பு விளக்கு எரியும், உள்ளூர்க்காரர்கள் போனுக்குக் குறுஞ்செய்தி வரும். டீக்கடையில் விசாரித்துவிட்டுப் போங்கள்.

தென்காசியிலிருந்து: அருவித் தண்ணீரைப் பட்டுப்போல் எடுக்க எத்தனை நொடி?

பட்டு எனக்கு அலுத்துவிட்டது. ஷட்டரை 30 நொடி திறந்து வைத்தால் எந்த அருவியும் ஒரே மாதிரி பால்தான். கால் நொடியோ அதற்கும் குறைவோ வையுங்கள், தண்ணீர் விழும் வேகம் கோடுகளாகத் தெரியும். போலரைசர் ஃபில்டர் ஈரப் பாறையின் மினுமினுப்பை எடுத்து நிறத்தைக் கொண்டுவரும்.

ஷட்டரைவிட முக்கியமான ஒன்று: தண்ணீர் திடீரென்று கலங்கினாலோ, சருகும் குச்சியும் அதிகமாக வந்தாலோ, இரைச்சல் மாறினாலோ ட்ரைபாடை விட்டுவிட்டுக்கூட மேடேறுங்கள். உங்கள் தலைக்கு மேல் வெயில் அடித்தாலும் மேலே மலையில் மழை கொட்டிக்கொண்டிருக்கலாம்.

இலங்கை, ஹட்டனிலிருந்து: ஹோட்டன் சமவெளிக்கு இரண்டு தடவை போயும் உலக முடிவில் ஒன்றுமே தெரியவில்லை அண்ணா.

வாசல் திறக்கும்போதே உள்ளே போய், வழியில் எங்கும் நிற்காமல் நேராக உலக முடிவு என்ற செங்குத்துப் பாறை விளிம்புக்கு நடங்கள். ஒன்பது, பத்து மணிக்குள் பள்ளத்திலிருந்து பனி ஏறி மூடிவிடும். பேக்கர் அருவியைத் திரும்பி வரும்போது எடுங்கள், அதற்கு மேகமூட்டம்தான் நல்லது. ஜனவரி முதல் மார்ச் வரை வாய்ப்பு அதிகம்.

சென்னையிலிருந்து: படம் எடுத்துச் சுவரில் மாட்டினால் காடு பிழைத்துவிடுமா? எல்லாம் நம் மனத் திருப்திக்குத்தானே?

கேலியாகக் கேட்டிருந்தாலும் நியாயமான கேள்வி. 1861-இல் அமெரிக்கப் புகைப்படக்காரர் கார்ல்டன் வாட்கின்ஸ் கோவேறு கழுதைகள் மேல், அன்று ஃபிலிமுக்குப் பதிலாக இருந்த கண்ணாடித் தட்டுகளை ஏற்றி, கலிஃபோர்னியாவின் யோசெமிட்டி பள்ளத்தாக்குக்குப் போனார். ஒவ்வொரு தட்டும் ஏறத்தாழ 18-க்கு 22 அங்குலம். அடுத்த வருடம் அந்தப் படங்கள் நியூயார்க்கில் காட்சிக்கு வந்தன. 1864-இல் அந்தப் பள்ளத்தாக்கைப் பொதுச் சொத்தாகப் பாதுகாக்கும் சட்டத்தில் லிங்கன் கையெழுத்திட்டார். படங்கள் மட்டுமே காரணம் என்று சொல்ல மாட்டேன், ஆனால் அங்கே போகாதவர்களும் அந்த இடத்தைப் பற்றிப் பேசும்படி செய்தவை அவை. ஆஸ்திரேலியாவிலும் நடந்தது. அணையால் மூழ்கவிருந்த டாஸ்மேனியாவின் ஃபிராங்க்ளின் ஆற்றை பீட்டர் டொம்ப்ரோவ்ஸ்கிஸ் எடுத்த ஒரு படம் 1983 தேர்தல் சமயத்தில் செய்தித்தாளில் விளம்பரமாக வந்தது. அந்த வருடமே அணைத் திட்டம் உயர் நீதிமன்றத் தீர்ப்பால் நின்றது.

இதில் ஒரு குறையும் உண்டு. யோசெமிட்டி படங்களில் மனிதர்கள் இல்லாத ஆதிநிலம் தெரிகிறது. அங்கே வாழ்ந்த அவாநீச்சி மக்களை 1851-இல் ஆயுதப்படை விரட்டியடித்தது என்பது தெரிவதில்லை. நாமும் தேயிலைத் தோட்டத்தை எடுத்து "இயற்கையின் மடி" என்று தலைப்பு வைக்கிறோம். பைனும் வாட்டிலும் யூகலிப்டஸும் வெளியிலிருந்து கொண்டுவந்து நட்டவை. தோடர்களும் காடர்களும் முதுவர்களும் அந்த மலைகளின் ஆட்கள். இதையெல்லாம் படக்குறிப்பில் எழுதுங்கள்.

ஈரோட்டிலிருந்து: 24 மெகாபிக்சல் படத்தை எவ்வளவு பெரிதாக பிரிண்ட் போடலாம்? கணினியில் பளிச்சென்று இருப்பது காகிதத்தில் இருட்டாக வருகிறதே?

24-க்கு 36 அங்குலம் வரை தயங்காமல் போடுங்கள். 6000 புள்ளி அகலத்தை 36 அங்குலத்தில் பரப்பினால் அங்குலத்துக்கு சுமார் 167 புள்ளி வரும். 300 இல்லாமல் முடியாது என்று கடைக்காரர் பயமுறுத்துவார். ஐந்தாறு அடி தள்ளி நின்று பார்ப்பவருக்கு வித்தியாசமே தெரியாது.

இருட்டாக வருவது திரையின் வெளிச்சத்தால். திரை தானே ஒளிர்கிறது, காகிதம் தன்மேல் விழும் வெளிச்சத்தைத்தான் திருப்பித் தரும். திரையின் பிரகாசத்தைப் பாதிக்குக் குறைத்துத் திருத்துங்கள். படத்தின் முக்கியமான பகுதியை மட்டும் சின்னத் துண்டாக மூன்று விதமான வெளிச்ச அளவில் போட்டு, கண்காட்சி நடக்கப்போகும் அறைக்கே கொண்டுபோய்ப் பாருங்கள். 1941-இல் எடுத்த ஒரே நிலவு நெகட்டிவை அமெரிக்கப் புகைப்படக்காரர் ஆன்சல் ஆடம்ஸ் பல பத்தாண்டுகள் திரும்பத் திரும்ப பிரிண்ட் போட்டார். பிந்தைய பிரிண்டுகளில் வானம் ஏறக்குறைய முழுக் கருப்பாகிவிட்டது. பிரிண்ட் போடுவதும் படம் எடுப்பதில் பாதி வேலை. போனில் மட்டுமே பார்த்த படத்தை முடிந்த படம் என்று நான் கணக்கில் எடுப்பதில்லை.

மூடுபனிப் படத்துக்குப் பளபளப்புக் காகிதம் வேண்டாம், மேட் போதும். சன்போர்டு என்ற லேசான பிளாஸ்டிக் அட்டையில் ஒட்டுவது மலிவு, ஆனால் ஈரக்காற்றில் வளைந்துவிடும். ஒரு வாரத்துக்கு மேல் தாங்க வேண்டும் என்றால் ஃப்ரேம்தான்.

பொள்ளாச்சியிலிருந்து: நாங்கள் நாலு பேர் சேர்ந்து கண்காட்சி வைக்கப்போகிறோம். எங்கே வைப்பது, எத்தனை படம்?

இருபது, இருபத்தைந்து போதும். நாலு பேரும் அவரவர் படத்தை அவரவரே தேர்ந்தெடுக்காதீர்கள், கேமரா பிடிக்காத ஒருவரிடம் விடுங்கள். படத்தின் நடுப்பகுதி தரையிலிருந்து சுமார் 58 அங்குல உயரத்தில் வரட்டும். பள்ளிக்கூடம் என்றால் இன்னும் கீழே. ஜன்னலுக்கு எதிர்ச் சுவரில் கண்ணாடி போட்ட படத்தை மாட்டினால் பார்ப்பவர் தன் முகத்தைத்தான் பார்ப்பார்.

கோவையில் கஸ்தூரி சீனிவாசன் கலைக்கூடம், சென்னையில் லலித் கலா அகாடமி இருக்கின்றன. 2016-இல் தொடங்கிய சென்னை ஃபோட்டோ பினாலே என்ற புகைப்படத் திருவிழா பொது இடங்களிலும் படங்களை வைத்தது. என்னைக் கேட்டால் முதல் கண்காட்சியை நீங்கள் படம் எடுத்த ஊரிலேயே, எஸ்டேட் பள்ளியிலோ சமுதாயக் கூடத்திலோ வையுங்கள். "இது எங்க லயத்துக்கு (தோட்டத் தொழிலாளர் வரிசை வீடு) பின்னாடி" என்று சொல்ல அங்கே ஆள் இருப்பார்கள். குறிப்பில் இருக்கும் தப்பையும் அவர்களே திருத்திக் கொடுப்பார்கள்.

தேனியிலிருந்து: கண்காட்சியில் எல்லோரும் சரியான இடத்தைக் கேட்கிறார்கள். சொல்லலாமா?

மலையின் பெயரைச் சொல்லுங்கள், பாதையைச் சொல்லாதீர்கள். இணையத்தில் ஏற்றும் முன் படத்திலிருக்கும் ஜிபிஎஸ் விவரத்தையும் அழித்துவிடுங்கள். அடுத்த பெரிய நீலக்குறிஞ்சிப் பூப்பு 2030-இல் எதிர்பார்க்கப்படுகிறது. அப்போது உங்களிடம் வழி கேட்டு நிறையப் பேர் வருவார்கள், வனத்துறை அனுமதிக்கும் இடத்தை மட்டும் காட்டுங்கள்.