பைக்காலின் அருகே பிறந்து ஆர்க்டிக் பெருங்கடலில் சேரும் லேனா

கேள்வி: சைபீரியாவின் லேனா ஆறு பைக்கால் ஏரிக்கு மிக அருகில் தோன்றியும் அதில் கலக்காமல் வடக்கே செல்வது ஏன்? அதன் போக்கை விளக்க முடியுமா?

பதில்: ஏரியிலிருந்து ஏறத்தாழ 10 கிலோமீட்டர் தொலைவில், பைக்கால் மலைத்தொடரின் மேற்குச் சரிவில் லேனா ஊற்றெடுக்கிறது. இடையில் நிற்கும் மலைமுகடே நீரைப் பிரித்துவிடுவதால், ஏரிக்குப் போக அதற்கு வழியில்லை. ஏறத்தாழ 4,300 கிலோமீட்டர் வடக்கே ஓடி, ஆர்க்டிக் பெருங்கடலின் பகுதியான லாப்டேவ் கடலில் சேர்கிறது.

வழியில் விதீம், அல்தான் ஆகியவை வலப்புறமிருந்தும் வில்யூய் இடப்புறமிருந்தும் வந்து கலக்கின்றன. யாகூத்ஸ்க் நகருக்குத் தெற்கே, கரையோரமாகச் செங்குத்தாக உயர்ந்து நிற்கும் சுண்ணாம்புக்கல் தூண்களை 2012இல் யுனெஸ்கோ உலக மரபுச் சின்னமாக அறிவித்தது. குளிர்காலத்தில் யாகூத்ஸ்க் அருகே ஆறு இறுகி உறைந்ததும், பனிக்கட்டியின் மீதே சாலை அமைத்து வாகனங்களை ஓட்டுகிறார்கள்.

இந்த ஆற்றில் நம் கவனத்திற்கு மிகவும் உரியது அதன் வசந்தகாலம்தான். தெற்கிலுள்ள மேற்பகுதி முதலில் உருகிவிட, வடக்கே கீழ்ப்பகுதி இன்னும் உறைந்தே கிடப்பதால், மிதந்துவரும் பனிப்பாளங்கள் வளைவுகளிலும் தீவுகளிலும் ஒன்றன்மேல் ஒன்றேறி அணைபோல் அடைத்துக்கொள்ள, பின்னால் தேங்கும் நீர் சில மணி நேரத்தில் கரையைத் தாண்டிவிடுகிறது. 2001 மே மாதத்தில் லேன்ஸ்க் நகரம் இப்படித்தான் வெள்ளத்தில் மூழ்கியது. அடைப்பை உடைக்க விமானத்திலிருந்து குண்டு வீசவும் நேர்ந்தது.

கடலை நெருங்கும்போது எண்ணற்ற கிளைகளாகப் பிரிந்து, ஏறத்தாழ 30,000 சதுர கிலோமீட்டர் பரப்புள்ள கழிமுகத்தை லேனா உருவாக்குகிறது. அங்கு நிலத்தடி மண் கோடையிலும் உறைந்தே இருக்கும்.