ரெகெக்ஸ் சோதிக்கும் கருவிக்கு ஆவணம் எழுதும்போது எதை முதலில் சொல்வது?

கமாண்ட் லைனில் ரெகெக்ஸ் (உரையில் தேடுவதற்கான பேட்டர்ன்) சோதிக்கும் கருவி எழுதியிருக்கிறீர்கள். ஆவணத்தை எங்கே தொடங்குவது என்று கேட்கிறீர்கள். தயவுசெய்து ஆப்ஷன் பட்டியலில் தொடங்காதீர்கள். உங்கள் கருவி எந்த வகை ரெகெக்ஸைப் புரிந்துகொள்ளும் என்பதுதான் முதல் வரி. உரையில் தேடும் யூனிக்ஸ் கட்டளையான கிரெப்பில் 'அ+' என்று சும்மா கொடுத்தால், கூட்டல் குறியையும் ஓர் எழுத்தாகவே தேடும்; விரிவான வகைக்கு மாறினால்தான் 'ஒன்றோ அதற்கு மேலோ' என்று பொருள். இதைச் சொல்லாவிட்டால், படிப்பவர் உங்கள் கருவியில்தான் பிழை என்பார்.

அடுத்து, ரெகெக்ஸில் புள்ளி என்றால் 'ஏதாவது ஓர் எழுத்து'; உங்கள் கருவி எதை ஓர் எழுத்தாக எண்ணுகிறது? 'கி' கண்ணுக்கு ஓர் எழுத்து. யூனிகோடில் 2 குறியீடுகள், அவற்றைச் சேமிக்கும் யூடிஎஃப்-8 முறையில் 6 பைட்டுகள். விளக்கிக்கொண்டே போவதைவிட, ஓர் எடுத்துக்காட்டும் அதன் வெளியீடும் காட்டினால் வேலை முடிந்தது.

அப்புறம் மேற்கோள் குறி. யூனிக்ஸ் ஷெல்லில் (கட்டளைகளை வாங்கி இயக்கும் நிரல்) பேட்டர்னை ஒற்றை மேற்கோளுக்குள் வைக்காவிட்டால், நட்சத்திரத்தையும் டாலரையும் ஷெல்லே விரித்துவிடக்கூடும். விண்டோஸ் கமாண்ட் பிராம்ப்டுக்கு இரட்டை மேற்கோள் வேண்டும். அதைத் தனியாகக் காட்டுங்கள்.

வெளியேறும் குறியீட்டுக்கு, அதாவது கருவி முடியும்போது திருப்பித் தரும் எண்ணுக்கு, கிரெப் வழக்கமே போதும்: பொருந்தினால் 0, இல்லையென்றால் 1, பிழை என்றால் 2. ஸ்கிரிப்ட் எழுதுபவர்கள் முதலில் தேடுவது இதைத்தான்.