கித்தார் கேள்வி பதில்: பழைய பாட்டை வைத்தே விரலைப் பழக்கலாமா?

(மலேசியாவின் சுங்கை சிப்புட் தோட்ட இளைஞர்கள் கேட்டவை)

அண்ணே, 'இளைய நிலா'வில் இருந்து தொடங்கலாமா? கோர்டு (பல கம்பிகள் சேர்ந்து ஒலிக்கும் பிடி) எல்லாம் தெரியும்.

வேண்டாம் தம்பி. 1982-இல் வந்த அந்தப் பாட்டின் தொடக்கத்தில் கம்பி கம்பியாக விரல் ஓடவேண்டும். கோர்டு தெரிந்தால் மட்டும் போதாது. முதலில் தி அனிமல்ஸ் குழு 1964-இல் பாடிய 'ஹவுஸ் ஆஃப் தி ரைசிங் சன்' எடுங்கள். ஏ மைனர், சி, டி, எஃப் என்று போகும், கோர்டுக்கு ஆறு தட்டு. ஏ மைனரில் கட்டைவிரல் 5-ஆம் கம்பி (மெல்லிய கம்பிதான் 1), சுட்டுவிரல் 3, நடுவிரல் 2, மோதிரவிரல் 1, திரும்ப நடுவிரல், சுட்டுவிரல். டி, எஃப் வரும்போது கட்டைவிரல் மட்டும் 4-ஆம் கம்பிக்கு நகரும், மற்ற மூன்றும் இடம் மாறாது. மெட்ரோனோமை (தாளம் தட்டும் கருவி) நிமிடத்துக்கு 60 தட்டில் வையுங்கள், ஒரு தட்டுக்கு ஒரு கம்பி. நாலு சுற்று பிசிறில்லாமல் வந்தால் 64-க்கு ஏற்றுங்கள். கோர்டு மாறும்போது வலது கை நின்றால் வேகம் அதிகம் என்று அர்த்தம்.

எஃப் கோர்டு சத்தமே வரலை. விரலில் பலம் இல்லையா?

அதே வடிவத்தை 5-ஆம் ஃபிரெட்டில் (கழுத்தில் குறுக்கே பதித்த உலோகக் கோடு) பிடித்துப் பாருங்கள். அங்கே சுத்தமாக வந்தால் குறை விரலில் இல்லை, நட் (கழுத்தின் தலைப்பக்கம் கம்பிகள் உட்காரும் பட்டை) உயரத்தில். ஒவ்வொரு கம்பியையும் 3-ஆம் ஃபிரெட்டில் அழுத்தி, முதல் ஃபிரெட்டுக்கு மேலே பாருங்கள். மயிரிழை இடைவெளிதான் இருக்கவேண்டும். தடியாகத் தெரிந்தால் கடையில் கொடுத்து நட்டைத் தேய்க்கச் சொல்லுங்கள். 5-இலும் வரவில்லையா? கம்பிகளைக் குறுக்கே அழுத்தும் சுட்டுவிரலின் மெத்தைப் பக்கத்தால் அமுக்குகிறீர்கள். விரலைக் கொஞ்சம் உருட்டி, எலும்பு ஓரத்தால், ஃபிரெட் கம்பியை ஒட்டிப் பிடியுங்கள்.

நைலான் கித்தாரில் ஸ்டீல் கம்பி போட்டால் சத்தம் கூடுமா?

பிரிட்ஜ் (கித்தார் உடலில் கம்பிகளைக் கட்டும் கட்டை) பிய்ந்து வரும். நைலான் செட்டின் மொத்த இழுப்பு சுமார் 40 கிலோ, 12 அளவு (முதல் கம்பி 0.012 அங்குலத் தடிமன்) ஸ்டீல் செட்டுக்கு 70-க்கு மேல். போடாதீர்கள்.

கேப்போ (சுருதியை ஏற்றக் கழுத்தில் மாட்டும் கிளிப்) போடுவது சோம்பேறித்தனம் இல்லையா அண்ணே?

இதை ஒத்துக்கொள்ளவே மாட்டேன். 'ஹோட்டல் கலிஃபோர்னியா' (1976) தொடக்கத்தில் கேப்போ 7-ஆம் ஃபிரெட்டில். பிடிப்பது ஈ மைனர், கேட்பது பி மைனர். திறந்த (விரல் படாத) கம்பிகளின் அந்த ஒலி பார் கோர்டில் (எஃப் போல, ஒரே விரலால் கம்பிகளைக் குறுக்கே அழுத்தும் பிடி) வராது.

(இன்னொருவர்) அப்போ பார் கோர்டு எதுக்கு? கேப்போ இருந்தா போதுமே!

அதுவும் தப்பு. பாட்டு நடுவே சுருதி மாறினால் கேப்போவை எப்போது கழற்றுவீர்கள்? கல்யாணத்தில் பாடகர் பி ஃப்ளாட் சுருதி கேட்டால், ஜி வடிவத்துடன் கேப்போ 3-இல். அது பாடகருக்காக. எஃப்-ஐப் பார்த்துப் பயந்து போட்டால்தான் குற்றம். போட்டதும் ஒருமுறை சுருதி பாருங்கள். அழுத்தத்தில் கம்பி கொஞ்சம் ஏறிவிடும்.

முதல் பாட்டு எது எடுக்கலாம்?

முதல் பதில்.

வயலின் சுருதி எப்படி சேர்ப்பது?

வயலின் வாசிப்பவரைக் கேளுங்கள் அக்கா.

அண்ணே, எந்தப் பாட்டு ஈஸி?

மூன்றாவது முறை இந்தக் கேள்வி. முதல் பதிலைப் படியுங்கள், மெட்ரோனோம் 60.

அது முடிந்தது. அடுத்து?

கேன்சஸின் 'டஸ்ட் இன் தி விண்ட்' (1977). சி கோர்டில் கட்டைவிரல் 5, 4, 5, 4 என்று மாறி மாறி. அது தானாக ஓடும்வரை மற்ற விரலைச் சேர்க்காதீர்கள். பிறகு இடையிடையே நடுவிரல் 2-ஆம் கம்பி, சுட்டுவிரல் 3. இதற்கும் 60-தான். கட்டைவிரல் தடுமாறாத அன்று 'இளைய நிலா'வைத் திறக்கலாம்.